இரண்டாவது கூடலூர்

லினக்ஸ் கெர்னலில், பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வேற்றுமை தவிர மற்றெல்லாவற்றிலும் ஒத்த பெயருடைய இரட்டைக் கோப்புகள் சில உண்டு என்பதையும், அதை விண்டோஸில் குளோன் செய்தால் இரட்டையரில் ஒருவர் மறைந்துவிடும் விந்தையையும் பற்றிச் சாங்கோபாங்கமாக எழுதவே உட்கார்ந்தேன். அதற்கு முன் முந்தாநாள் இரவின் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன்.

2005 முதலான சகல சரித்திரத்தோடும் அந்த ரெப்போவைக் கொண்டுவரும் உத்தேசத்துடன் கட்டளையிட்டு, பாட்டரி செத்துப்போன என் மடிக்கணினியில் 92 சதவிகிதம் வரை கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில், மறுநாள் இட்லிக்காக என் சகதர்மிணி போட்ட கிரைண்டர் வீட்டு பியூஸையும் என் குளோனையும் ஒருசேர முடித்துவைத்தது. இணைப்பு மட்டும் அறுந்திருந்தால், குளோன் செய்யும் கிட் மென்பொருள் அதுவரை சேர்த்ததையெல்லாம் தன் கையாலேயே துடைத்தெறிந்துவிட்டுத்தான் ஓய்ந்திருக்கும். 1895இல் முடிந்த பெரியாற்று அணையைக் கட்டும்போதுகூட, பொறியாளர் பென்னிகுக்கின் தற்காலிகக் கட்டுமானங்களை வெள்ளம்தான் அடித்துப்போயிற்று; அவரே இடித்துத் தள்ளவில்லை. மின்சாரமே போய்விட்டாலோ அந்தச் சம்ஹாரத்துக்கும் கிட்டுக்கு அவகாசமில்லை.

விளக்கு வந்ததும் மறுபடி கட்டளையிட்டேன். அந்தப் பெயரில் ஃபோல்டர் ஏற்கெனவே இருக்கிறது, அது காலியாகவும் இல்லை என்று மறுத்துவிட்டது. திறந்து பார்த்தால் சுத்த சூன்யம்! புள்ளியில் தொடங்கும் பெயரோடு, கண்ணுக்குத் தெரியாத ஃபோல்டர் ஒன்று உள்ளே குடியிருந்ததாம். கிட்டைப் படைத்த லைனஸ் டோர்வால்ட்ஸ் அதற்கு ஆங்கிலக் கொச்சை வசவு ஒன்றையே பெயராகச் சூட்டியது தீர்க்கதரிசனம்.

'அந்தப் பெயரில் ஏற்கெனவே இருக்கிறது' என்ற வாக்கியத்தை எங்கள் கூடலூர்க்காரன் எவனாலும் நிதானமாகக் கேட்க முடியாது. நீலகிரியிலும் ஒரு கூடலூர் இருக்கிறதல்லவா? ஊர்ப்பெயரைச் சொன்னதும், "ஊட்டிப் பக்கமா, குளிருமே!" என்று, திராட்சைத் தோட்டத்து வெயிலில் கறுத்த என்னைப் பார்த்தே அனுதாபப்படுகிறார்கள். மலையை ஒட்டிய ஊர் என்றால் அதுவும் மலையூர். கேரள எல்லை என்றால் அதுவும் கேரள எல்லை. நகராட்சி என்றால் அதுவும் நகராட்சி. எனக்கு வரவேண்டிய கீபோர்டு தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பதினோராம் நாள் வந்தது. என் தங்கை கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாமா ஒருவர், முகூர்த்த நேரத்தில் அங்கே பேருந்து நிலையத்தில் நின்று, "மண்டபம் எந்தப் பக்கம்?" என்று போனில் கேட்டார், அவர் கொண்டுவந்த குத்துவிளக்கு இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது. கம்பத்தை அடுத்த கூடலூர், குமுளிக்குக் கீழே உள்ள கூடலூர் என்றெல்லாம் விலாசத்தில் அடைமொழி சேர்த்துச் சேர்த்து, விலாசமே விருத்தாந்தமாகிவிட்டது. நீலகிரிக் கூடலூர்க்காரர்கள் எங்களை இரண்டாவது கூடலூர் என்று நினைப்பார்கள்போலும். நினைக்கட்டும், தேயிலையை நசுக்கிப் பழரசம் எடுத்துக் காட்டட்டும்.

"மாமா, டெப்த் ஒன்று என்று போடுங்கள்; பழைய சரித்திரம் உங்களுக்கு எதற்கு?" என்கிறான் மருமகன். போர்வெல் போட்டுக் கடனாளியான குடும்பத்தில் பிறந்தவன் வாயால் ஆழம் ஒன்று போதும் என்று கேட்பேனென்று நான் கனவிலும் எண்ணியதில்லை.

முழுச் சரித்திரத்தையே மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். இப்போது 11 சதவிகிதம். சமையலறையில் உளுந்து ஊறிக்கொண்டிருக்கிறது.