வீட்டில் யாரும் இல்லை

லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்களுடையது பழங்கால வரிசை வீடு. ஒரே பாய்லர், ஹாலில் ஒரே தெர்மோஸ்டாட். ஹாலுக்குக் குளிர் விட்டால் பாய்லர் அணைந்துவிடும். மாடியில் பல் தந்தியடிப்பது அதற்குத் தெரியாது. இதற்கு மருந்தாக வந்தவைதான் ஸ்மார்ட் வால்வுகள்.

மாட்டுவது சுலபம். ரேடியேட்டர் ஓரத்தில் இருக்கும் பழைய வால்வின் தலையைத் திருகிக் கழற்றிவிட்டு, மோட்டார் வைத்த தலையைப் பொருத்த வேண்டும். தண்ணீரை வடிக்க வேண்டியதில்லை. உள்ளே ஒரு சின்ன ஊசி. மோட்டார் அதை அழுத்தினால் வெந்நீர் நிற்கும், விட்டால் ஓடும். எந்த அறை கேட்கிறதோ அந்த அறைக்காகப் பாய்லர் எரியும்.

மாட்டிய அன்றிரவு ஊசியின் அளவைப் பார்க்க ஒவ்வொரு வால்வும் கிர்ர்ர் என்றது. மதுரையிலிருந்து வந்திருந்த அம்மா எழுந்து உட்கார்ந்து, "எலிடா. நாளைக்கே பொறி வாங்கு" என்றார்.

அறைக்கு அறை வெப்பநிலை குறித்தோம். மகன் 23 கேட்டான். கேஸ் பில் கட்டும் மனைவி 19-க்கு மேல் பேச்சே இல்லை என்றாள். அம்மாவுக்கு டிகிரிக் கணக்கெல்லாம் கிடையாது: "ஃபேன் போடலாமான்னு தோணணும், அவ்வளவுதான்."

ரேடியேட்டர் அம்மாவுக்குத் துணி காயப்போடும் கொடி. வால்வின் தலையிலேயே ஈரத்துண்டைப் போர்த்திவிடுவார். சூடு துண்டுக்குள் அடைபட, அறை முழுக்க 25 டிகிரி என்று வால்வு நம்பி மூடிக்கொள்ளும். துண்டும் காயாது, அறையும் காயாது. மிளகாய் வற்றல் தாளித்தால் புகை அலாரம் கத்துமே என்று ஜன்னலைத் திறப்பார். வெப்பம் சட்டென்று இறங்குவதைப் பார்த்து வால்வு மூடும். ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும் எனக்கு, சமையலறை ஜன்னல் திறந்திருக்கிறது என்று தகவல் வரும். நான் என்ன செய்ய?

இந்தச் சாதனம் வீட்டில் ஆள் இருப்பதைப் போன்களை வைத்துத்தான் கணக்கெடுக்கும். அம்மாவிடம் இருப்பதோ பட்டன் போன். நாங்கள் மூவரும் கிளம்பியதும், வீட்டில் யாரும் இல்லை என்று அறிவித்து 16 டிகிரிக்கு இறக்கிவிட்டது. மாலையில் திரும்பினால், குரங்குக் குல்லா, இரண்டு ஸ்வெட்டர், என் சாக்ஸ் சகிதம் அம்மா.

விஷயத்தைச் சொன்னேன். "யாரும் இல்லைன்னு சொல்லுச்சா? அப்ப இந்தத் துணியெல்லாம் மடிச்சு வெச்சது யாருடா, அதுவா?"

இப்போது கண்ணாடி விரிசல் விட்ட என் பழைய போன் ஒன்று, செயலியோடு சாமி அலமாரியில் சார்ஜில் கிடக்கிறது. பெற்ற தாயை ஆளாக மதிக்காத இயந்திரம் அதை மதித்து வீட்டைச் சூடாக வைத்திருக்கிறது. மாவு பொங்கட்டும் என்று அம்மா கேட்டதால், சாப்பாட்டு அறைக்கு மட்டும் ராத்திரியிலும் சூடு உண்டு. மனைவிக்கு இது இன்னும் தெரியாது.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: புழங்காத அறைகள் நிறைய இருந்தால் வாங்கலாம். அதற்கு முன், வெந்நீர்த் தொட்டி இல்லாத காம்பி பாய்லர் என்றால், ரேடியேட்டருக்குப் போகும் நீரின் சூட்டை 80-லிருந்து 60 டிகிரிக்குக் குறைத்துப் பாருங்கள். திரும்பி வரும் நீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் கண்டென்சிங் பாய்லர் புகையோடு போகும் ஆவியின் சூட்டை மீட்டெடுக்கும். இதற்குப் போனும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம், செலவும் இல்லை.