டாக்ஸ் கட்டுகிறவர்

சாலையில் பள்ளம் விழுந்தால் முதலில் வந்து நிற்பது மழைநீர். அடுத்து வந்து நிற்பவர் டாக்ஸ் கட்டுகிறவர். "நாம கட்டற டாக்ஸெல்லாம் எங்க சார் போகுது?" என்பார். பதில் வேண்டிக் கேட்பதில்லை. ஆனால் பதில் இருக்கிறது. அவர் டாக்ஸ் என்று சொல்வது சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரியை. அது டெல்லிக்குப் போகிறது. அவர் கால் வைத்த பள்ளமோ மாநகராட்சியின் பொறுப்பு. அதை மூடச் சொத்து வரி வேண்டும். அந்தப் பேச்சை எடுத்தால் அவர் குரல் சட்டென்று இறங்கிவிடும்.

சென்னையில் சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல், அக்டோபர் மாதங்கள் முடிவதற்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. ஆடித் தள்ளுபடிக்கு அடித்துப் பிடித்து நிற்பவர், இந்தத் தள்ளுபடியை மட்டும் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்துவிட்டு நோட்டீசுக்குக் காத்திருப்பார். வாடகைக்கு விட்ட மாடி, மாநகராட்சி ஏட்டில் இன்னும் மொட்டை மாடிதான். 1998-க்குப் பிறகு 2022 வரை சென்னையில் இந்த வரி உயர்ந்து நிலைக்கவில்லை. 2018-ல் ஏற்றியதையும் மறு ஆண்டே நிறுத்திவைத்தார்கள். அத்தனை காலமும் அவர் வாங்கும் வாடகை மட்டும் வருடம் தவறாமல் ஏறியது. 2022-ல் பழைய மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 50 சதவீதமும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 150 சதவீதமும் உயர்த்தியபோது, நலச் சங்கக் கூட்டத்தில் ஏழைகளுக்காக உருகியவர் இவர்தான். இவர் வீடு 2,000 சதுர அடி. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. நூலகம் எந்தத் தெருவில் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். உள்ளாட்சிக்கே போகும் தொழில் வரியும் உண்டு. அதை ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 1988-லேயே அரசியல் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். கோடியில் சம்பளம் வாங்கினாலும் அவ்வளவுதான்.

"நாட்டுல நாலு பேருதான் டாக்ஸ் கட்டறான், மத்தவனெல்லாம் ஓசி" என்று அவர் முழங்குவது டீக்கடை வாசலில். டீத்தூளுக்கும் சர்க்கரைக்கும் அந்தக் கடைக்காரர் கொடுக்கும் ஜி.எஸ்.டி.யில் பாதி மாநிலத்துக்கு. கடைக்காரர் வண்டிக்குப் போடும் பெட்ரோலில் மாநில வாட் வரி. வேலை முடிந்து டாஸ்மாக் பக்கம் ஒதுங்கினால், கருவூலத்துக்கு அன்று அவர் செய்யும் தொண்டு தனி. இதையெல்லாம் அவர் எங்கும் சொல்லிக்கொள்வதில்லை.

டெல்லிக்குப் போன பணம் திரும்பி வராதா என்று கேட்கலாம். வரும். பகிர்வுக்குரிய வரியில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்குக் கொடுக்கச் சொன்னது 15ஆவது நிதிக் குழு. அந்தப் பங்கில் தமிழ்நாட்டுக்கு 100 ரூபாய்க்கு 4 ரூபாய் சொச்சம். செஸ், சர்சார்ஜ் இந்தக் கணக்கிலேயே வராது. வந்ததிலும் ஒரு துளிதான் மாநில அரசைத் தாண்டி வார்டுக்கு இறங்குகிறது. சொத்து வரியை ஒழுங்காகக் கட்டினால் மட்டும் சாலை போட்டுவிடுகிறார்களா என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான், போட்ட சாலை அடுத்த மழைக்கே கரைவதையும் பார்க்கிறோம். ஆனால் கேட்க வேண்டிய இடம் டீக்கடை அல்ல, கவுன்சிலர் வீடு. அவர் பெயர் நம்மவருக்குத் தெரியாது. 2022 மாநகராட்சித் தேர்தலில் சென்னையில் பாதிப் பேர்கூட ஓட்டுப் போடவில்லை. அன்று இவர் குடும்பத்தோடு மகாபலிபுரம் போயிருப்பார்.

ஐயா, வரும் ஏப்ரல் முடிவதற்குள் சொத்து வரியைக் கட்டிவிடுங்கள். 5 சதவீதம் மிச்சம். அந்த ரசீதோடு வார்டு அலுவலகத்துக்குப் போய், பள்ளத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கத்துங்கள்.