லினக்ஸ் ரோக நிதானம்: கம்பம் பள்ளத்தாக்கை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

ஒரு சாஸ்திரத்தைத் தொடங்குமுன், அதற்கு அதிகாரி யார், அதன் விஷயம் யாது, பிரயோஜனம் யாது, இவற்றுக்குள் சம்பந்தம் யாது என்னும் நான்கையும் சொல்லிவிடுவது முன்னோர் மரபு. அம்மரபை மீறும் துணிவு எனக்கில்லை. இந்த ஆராய்ச்சிக்கு அதிகாரி, பழைய லேப்டாப்பை எடைக்குப் போட மனம் வராமலும், புதியது வாங்கக் கையில் பணம் இல்லாமலும், யாரோ சொன்னதைக் கேட்டு அதில் இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டுக்கொண்ட தேனி ஜில்லாவாசி. விஷயம், போட்ட மறுநாளே வைஃபையோ, சப்தமோ, பிரிண்டரோ, அல்லது மூன்றுமோ காணாமற்போகும் அதிசயம். பிரயோஜனம், காணாமற்போனதைக் கண்டெடுத்தல். சம்பந்தத்தைப் பற்றி உரையாசிரியர்களே ஒரு வரியில் கடந்துபோவது வழக்கமாதலால் நானும் அப்படியே கடக்கிறேன்.

ஆராய்ச்சிக்குரிய மாதிரிகள் இப்பள்ளத்தாக்கில் எவ்வாறு வந்து குவிந்தன என்பதைச் சொல்ல வேண்டும். 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் ஜில்லா காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே, எல்காட் நிறுவனம் வாங்கி அனுப்பிய இயந்திரங்கள் ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்து தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று பள்ளிதோறும் இறங்கின. 2 ஜி.பி. நினைவகமும் 320 ஜி.பி. வட்டும் கொண்ட அத்தொடக்ககால இயந்திரங்களில், விண்டோஸுக்குப் பக்கத்திலேயே, டெபியனை மூலமாகக் கொண்டு 2007-இல் சி-டாக் வெளியிட்ட பாஸ் என்னும் சுதேசி லினக்ஸும் குடியிருந்தது. அதை அழித்தால் எத்தனை சினிமாப் படங்களுக்கு இடம் கிடைக்கும் என்கிற அளவிலேயே பெரும்பாலான மாணவர்கள் அதை ஆராய்ந்தார்கள் என்பது என் அபிப்பிராயம். காலக்கிரமத்தில் மாணவர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போனார்கள். கவர்மென்ட் லேப்டாப் பரண்மேல் தங்கியது. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டதும், பரணிலிருந்தவற்றோடு மேசைமேலிருந்த சிலவும் சேர்ந்து, 1996-இல் ஒலிவியே ஃபூர்தான் என்னும் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய எக்ஸ்எஃப்சிஇ, 2006-இல் தைவானில் ஹாங் ஜென் யீ தொடங்கிய எல்எக்ஸ்டிஇ முதலிய மெல்லிய மேசைத்தளங்களைச் சரணடைந்தன. ஹாங் ஜென் யீ தொழிலால் மருத்துவர் என்பதை, ரோக நிதானம் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு கட்டுரை குறிப்பிடாமல் விட்டால் தோஷம் வரும்.

வைத்தியன் நோயைப் பார்க்குமுன் நிலத்தைப் பார்க்க வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்குமலையிலிருந்து இறங்கி, கண்டமனூர்ப் பக்கத்துக் காற்றாலைகளையெல்லாம் சுற்றவைக்கும் அதே காற்றுதான் செம்மண் தூசியை லேப்டாப்பின் விசிறிக்குள்ளும் அடைக்கிறது. விசிறி திணறச் சூடு ஏறி, இயந்திரம் எழுதிக்கொண்டிருக்கும்போதே படுத்துவிடுகிறது. ஐப்பசி இடி, கம்பி வழியே வந்து நெட்வொர்க் துளையைச் சுட்டுப் போடுகிறது. கரண்ட் கட்டோ பருவம் பார்ப்பதில்லை. பேட்டரி செத்த லேப்டாப்புக்கு ஒவ்வொரு கரண்ட் கட்டும் ஒரு அகால மரணமாதலால், மறுமுறை விழிக்கும்போது, கறுப்புத் திரையில் பிஸிபாக்ஸ் என்று பெயர் சொல்லிக்கொண்டு ஒரு வெற்றுவரி நிற்கும். எஃப்எஸ்சிகே என்னும் கட்டளையால் வட்டைச் சரிபார்த்தாலொழிய அது அசையாது.

இனிப் பூர்வபக்ஷம். இப்பள்ளத்தாக்கின் சர்வீஸ் கடைகளில் மூன்று தரிசனங்கள் நிலவுகின்றன. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் எல்லாம் சரியாகும் என்பது புனர்ஜன்மவாதம்; இது வாடிக்கையாளனே கடைக்கு வருமுன் அநுஷ்டித்து முடித்திருப்பதாகையால் கடைக்காரருக்கு இதில் வருவாய் இல்லை. ராமைக் கழற்றி, அதன் பொன்முலாம் பூசிய பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஊதி, மீண்டும் மாட்டுவது கர்ஷணவாதம். திரையே வராமல் பீப் சப்தம் மட்டும் கேட்கும் நோய்க்கு இது மெய்யாகவே கைகண்ட மருந்து, ஆனால் வைஃபை வராததற்கும் ரப்பரைத் தேடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவதும் மிகுந்த செல்வாக்குடையதும் பிரளயவாதம். "ஃபார்மட் அடிச்சுருவோம் தம்பி" என்னும் மகாவாக்கியத்தில் இத்தரிசனம் முழுவதும் அடங்கும். அகிலத்தையும் அழித்து மறுபடி படைத்தால், படைப்பில் பழைய குறை இராது என்பது இவர்கள் கொள்கை; எந்தக் காரணத்தால் வைஃபை முதலில் வரவில்லையோ அதே காரணத்தால் இரண்டாம் கல்பத்திலும் வராது என்பதை இவர்கள் இரண்டாம் கல்பம் முடிந்தபிறகே ஒப்புக்கொள்வார்கள்.

இவற்றை மறுத்து நான் நிலைநாட்ட விரும்பும் சித்தாந்தமாவது: நோய் இன்னதென்று நோயாளியே முதல் நிமிஷத்தில் சொல்லிவிடுகிறான், கேட்பார்தான் இல்லை. லினக்ஸின் கெர்னல், தான் விழித்த கணத்திலிருந்து நடந்ததையெல்லாம், விநாடியைப் பத்து லட்சம் கூறாக்கிய நுட்பத்தோடு நேரம் குறித்து, வரிவரியாக எழுதிவைக்கிறது. டிமெசேஜ் என்று கேட்டால் அவ்வளவையும் ஒப்பிக்கிறது. சின்னமனூரில் கிடைத்த பெரிய செப்பேட்டைப் பாண்டியன் வடமொழியைக் கிரந்தத்திலும் தமிழை வட்டெழுத்திலும் வெட்டிவைத்தான். செய்தி முழுவதும் அதிலேயே இருந்தும், அவ்வெழுத்து வாசிக்கத் தெரிந்தவன் வருகிறவரையில் அது வெறும் தாமிரம்தான். கெர்னலின் குறிப்பும் அத்தகையதே. அதில், இன்ன ஃபர்ம்வேரை ஏற்ற முயன்றேன், தோற்றேன், பிழை கழித்தல் 2 என்று ஒரு வரி இருக்கும். கழித்தல் 2 என்பது பயங்கரமான குறியீடு போலத் தோன்றினாலும், அதன் தாத்பரியம் "கேட்ட கோப்பு அங்கே இல்லை" என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. இல்லாத ஒரு கோப்பைக் கொண்டுவந்து வைத்தால் தீர வேண்டிய விஷயத்துக்கு உலகத்தையே அழிப்பதை என்னென்பது!

வைஃபை நோய் எல்லா நோய்க்கும் தலைமையானது. அதற்குக் கொஞ்சம் விஸ்தாரமாகவே இடம் தர வேண்டும். இயந்திரத்துள் இருக்கும் ஒவ்வொரு சில்லுக்கும் உற்பத்தியாளரைக் குறிக்கும் நாலெழுத்தும் தன்னைக் குறிக்கும் நாலெழுத்துமாக ஒரு கோத்திரம் உண்டு. எல்எஸ்பிசிஐ என்னும் கட்டளை அதை விசாரித்துச் சொல்லும். 14இ4 என்றால் பிராட்காம், 10இசி என்றால் ரியல்டெக். இன்டெல் நிறுவனம், 1978-இல் தான் பெற்றெடுத்த 8086 சில்லின் பெயரையே கோத்திரமாகப் பெற்றுக்கொண்டது. குலப்பெருமை என்பது சிலிக்கானுக்கும் உண்டு. இவ்விசாரணையில் சில்லே தென்படவில்லையென்றால் குற்றம் உடலில். ஐப்பசி இடியோ தளர்ந்த கார்டோ காரணமாகலாம், எந்த டிரைவரும் அதை எழுப்பாது. சில்லு தென்பட்டு, அதன்கீழ் இயங்கும் டிரைவர் இன்னதென்ற வரி மட்டும் இல்லையென்றால் டிரைவர் போட வேண்டும். அந்த வரியும் இருந்து, வைஃபை மட்டும் இல்லையென்றால் ஃபர்ம்வேரைச் சந்தேகிக்க வேண்டும். 2022-இல் டெபியன் சமூகம் வாக்கெடுத்து, 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து இத்தகைய ஃபர்ம்வேர்களை நிறுவும் வட்டிலேயே சேர்த்துவிட்டதால் மூன்றாம் வகை நோயாளிகள் குறைந்திருக்கிறார்கள். பிராட்காமின் சில சில்லுகளோ இன்றும் தனி டிரைவர் கேட்டு அடம்பிடிக்கின்றன.

இங்கேதான் நையாயிகர்கள் சக்ரகம் என்று கண்டித்த தோஷம் தலைகாட்டுகிறது. டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர வைஃபை வேண்டும். வைஃபை வர டிரைவர் வேண்டும். போடிமெட்டுக்கும் மேகமலைக்கும் போய்க் குடியிருப்பவன், இதை உத்தேசித்தே மலையிறங்கி வருவதுண்டு. ஆனால் சாஸ்திரம் கைவிட்ட இடத்தில் சட்டைப்பை உதவுகிறது: செல்போனைச் சார்ஜர் கம்பியால் லேப்டாப்போடு இணைத்து, யுஎஸ்பி டெதரிங் என்பதைத் தொட்டால், தனி டிரைவர் ஏதும் கேளாமல், போன் ஒரு கம்பி இணைப்பாகவே தோன்றிவிடும். டிரைவர் வந்தபின்னும் நிம்மதி நிரந்தரமன்று. கெர்னல் புதுப்பிக்கப்படும் நாளில் அந்தத் தனி டிரைவரும் புதிய கெர்னலுக்கு ஏற்பத் திரும்பக் கட்டப்பட வேண்டும். அதற்குரிய ஹெடர் கோப்புகள் இல்லையென்றால் வேதாளம் மறுபடி முருங்கைமரம் ஏறிக்கொள்ளும். அப்போது, இயந்திரம் எழும்பும் தறுவாயில் வரும் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்துகொண்டு அன்றைய வேலையை முடிப்பதே விவேகம்.

சப்தம் வராமைக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை. ஆல்ஸாமிக்ஸர் என்னும் பச்சைத் தூண்களின் அடியில் எம்எம் என்று இருந்தால் வாய் கட்டப்பட்டிருக்கிறதென்று பொருள்; எம் விசையை ஒருமுறை தட்டினால் கட்டு அவிழும். அதுவும் இல்லையென்றால், சப்தம் எச்டிஎம்ஐ வழியாக, வீட்டில் இல்லாத டிவி ஒன்றுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

ஆனால் கடிகார நோய் அலட்சியம் செய்யத் தக்கதன்று. தாய்ப்பலகையில் சிஆர்2032 என்னும் காசளவு பேட்டரி ஒன்று உண்டு. 20 மில்லிமீட்டர் அகலமும் 3.2 மில்லிமீட்டர் கனமும் என்பதே அப்பெயரின் கணக்கு. அது செத்தால், ஒவ்வொரு கரண்ட் கட்டுக்குப் பிறகும் இயந்திரம் தான் பிறந்த காலத்துக்கே திரும்பிவிடுகிறது. கடைசியாக அணைந்த நேரத்தைக் குறித்துவைத்துச் சமாளிக்கும் லினக்ஸ்களும் இருக்கின்றன. அவ்வழக்கம் இல்லாதவற்றில், பிரவுஸர் பாங்கின் சான்றிதழைப் பார்த்து இது இன்னும் அமலுக்கே வரவில்லையே என்று கதவடைக்கிறது. மாதத்தவணை கட்ட உட்கார்ந்தவன், பாங்குதான் தன்னை ஏமாற்றுகிறதென்று குதிக்கிறான். மூலையில் மணி காட்டும் இடத்தில் 2010 ஜனவரி என்றிருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

பிரிண்டரை இறுதியில் வைத்ததற்குக் காரணம், இந்தச் சாஸ்திரமே அதிலிருந்து உற்பத்தியானது என்பதுதான். 1980-ஐ ஒட்டிய காலத்தில் எம்ஐடி ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரிண்டரை அளித்தது. முந்தைய பிரிண்டரில் காகிதம் சிக்கினால் காத்திருப்பவர்களுக்கு அறிவிக்கும்படி நிரலைத் திருத்திவைத்திருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், இதையும் அவ்வாறே திருத்த மூலநிரலைத் தேடிப் போக, அதை வைத்திருந்தவர் ரகசிய உடன்படிக்கையைக் காட்டி மறுத்துவிட்டார். மனம் கசந்த ஸ்டால்மன் 1983 செப்டம்பர் 27-இல் குனு இயக்கத்தை அறிவித்தார். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸின் கெர்னல் வந்து அதனோடு சேர்ந்தது. அந்த ஜெராக்ஸ் நிறுவனத்தின் பெயரையே பலகையில் தாங்கிய கடைகள் தேனி பஸ் நிலையத்தைச் சுற்றி இன்றும் இருக்கின்றன. அங்கும் பிரிண்டர் வழிக்கு வந்தபாடில்லை. லேசர்ஜெட் 1020 போன்ற மலிவு பிரிண்டர்கள் தம் ஃபர்ம்வேரைத் தமக்குள் வைத்துக்கொள்வதில்லை. கரண்ட் போய் வந்தால் எல்லாவற்றையும் மறந்து, கம்ப்யூட்டர் மறுபடி ஊட்டும்வரை காத்திருக்கும். விண்டோஸ் இதை யாருக்கும் தெரியாமல் செய்கிறது. லினக்ஸில் அக்கோப்பைத் தனியே தருவித்து வைத்தாலொழிய நடவாது. மாறாக, மளிகை மண்டிகளில் தறிபோல் இரைந்துகொண்டு பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ், எப்சன் பல்லாண்டுகளுக்கு முன் பகிரங்கப்படுத்திய கட்டளைகளையே பேசுவதால், மாட்டிய மாத்திரத்தில் ஓடுகிறது. இரகசியம் எவ்வளவோ ரோகம் அவ்வளவு என்று இதிலிருந்து ஒரு வியாப்தி பெறலாம்.

இவ்வளவு தெளிவான சித்தாந்தம் இருக்கப் பிரளயவாதம் ஏன் அழியவில்லை என்று வாசகர் கேட்கலாம். அறியாமை என்று நானும் வெகுநாள் எண்ணியிருந்தேன். உத்தமபாளையத்தில் ஒரு கடையில் நின்று பார்த்தபோதுதான், காரணம் பொருளாதாரம் என்று தெரிந்தது. கல்லூரிப் பையன் ஒருவன் கொண்டுவந்த லேப்டாப்பில் வைஃபை இல்லை. வேறோரிடத்தில் ஏற்கெனவே ஃபார்மட் அடித்தாயிற்று. கடைக்காரர் ஆர்எஃப்கில் என்று தட்டினார். ஹார்டு பிளாக்டு, எஸ் என்று வந்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, லேப்டாப்பின் முன்விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு போய், பையில் உரசி இடப்பக்கம் நகர்ந்திருந்த, அரிசி அகலமே உள்ள ஒரு பொத்தானை வலப்பக்கம் தள்ளினார். விளக்கு எரிந்தது. பையன் அப்போது தெருவில் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

ஃபார்மட் அடிப்பது மூன்று மணிநேரம் பிடிக்கும். கண்முன் கோடு ஓடும். அதற்குக் கூலி கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. பொத்தானைத் தள்ளியதற்கு எந்த முகத்தோடு கேட்பது? அவர் லேப்டாப்பை மூடி, அலமாரியில் வைத்தார்.

"என்னண்ணே ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே பையன் உள்ளே வந்தான்.

"நெட்வொர்க் கார்டு லாக் ஆயிருக்கு தம்பி. பாத்து வைக்கிறேன், சாயங்காலம் வாங்க."

அவன் போனபின் லேப்டாப்பைத் திருப்பிப் போட்டு, அடிமூடியைக் கழற்றி, விசிறியில் கம்பளிபோல் அடைந்திருந்த செம்மண் தூசியைப் பிரஷ்ஷால் துடைத்தெடுத்து, யாரும் கேட்காமலே ராமின் பற்களையும் ரப்பரால் ஒரு தேய் தேய்த்து மாட்டினார். சாயங்காலம் முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். இந்த ஆராய்ச்சியின்படி அது நியாயமான கூலியே.