அப்புச்சிக்கு என்ன தெரியும்?

வா கண்ணு, உக்காரு. மூஞ்சி ஏன் இப்பிடி வதங்கிக் கெடக்குது? கம்ப்யூட்டர் சூடாகுதா? சித்திரை மாசத்துல அம்மிக்கல்லே சூடாகுது, அது மட்டும் ஆகக்கூடாதா? சரி சரி, கோவிச்சுக்காதே. கேம் போட்ட ஒடனே 100 டிகிரிக்குப் போகுது, படம் விக்கி விக்கி நகருது, ஒரு நாளைக்கு ரெண்டு தடவை பொட்டுனு அணைஞ்சும் போகுது. அதனால எட்டாயிரம் ரூவாய்க்குத் தண்ணி ஓடற கூலர் ஒண்ணு வாங்கோணும். அப்புச்சி போன வாரம் கெடா வித்தாரே, அந்தக் காசு இருக்குதான்னு அம்மாயிகிட்ட பைய விசாரிக்கோணும். எல்லாம் என்ர காதுல விழுந்துது. காது மட்டும் இன்னும் நல்லாக் கேக்குது.

எனக்கென்ன கண்ணு தெரியும் கம்ப்யூட்டரைப் பத்தி? நாப்பது வருசம் ஏழரை எச்.பி. மோட்டாரோட மல்லுக்கட்டுனவன். காயில் எரிச்சு எரிச்சே ரீவைண்டிங் கடைக்காரனுக்கு மாடி வீடு கட்டிக் குடுத்தவன். அத்தனை செலவுக்கு ஒண்ணே ஒண்ணு கத்துக்கிட்டேன். எத்தனை சூடுங்கறது பெரிய சங்கதி இல்லை, எத்தனை நேரத்துல ஏறுச்சுங்கறதுதான் சங்கதி. சுச்சு போட்ட ஒடனே உறுமிட்டு ட்ரிப் ஆச்சுன்னா ஒரு பேஸ் வரலை, இல்லாட்டி தண்டு இறுகிப்போச்சு. ஒரு மணி நேரம் ஓடிப் பொறவு நின்னுதுன்னா அது வேற நாயம். வோல்டேஜ் கம்மி, இல்லாட்டி காத்துப் போக வழியில்லை. ரெண்டுக்கும் ஒரே மருந்து குடுத்தா, கடைக்காரன் ரெண்டாவது மாடியும் கட்டுவான்.

உன்ர பொட்டிக்கும் அதே கணக்குத்தான். கேம் போட்டு அரை மணி நேரம் கழிச்சு மெதுவா ஏறுச்சுன்னா உள்ள காத்து அடைபட்டிருக்குது. ரெண்டு மூணு நொடியிலயே மேல தாவி அங்கயே நின்னுக்கிச்சுன்னா, சிப்புல பொறக்கற சூடு மேல இருக்கற அலுமினியத்துக்கே போய்ச் சேரலை. நீ எதைப் பாத்தே? கலர் லைட்டைப் பாத்தே. பொட்டிக்குள்ள மாரியம்மன் நோம்பிக்குப் போட்டாப்புல பச்சையும் செவப்புமா ஓடுது, பாக்க நல்லாத்தான் இருக்குது. அந்தக் காசுல ஒரு டப்பி பேஸ்ட் வாங்கியிருக்கலாம்.

ஆனா நீ ஒரு கெட்டிக்காரத்தனம் பண்ணியிருக்கறே, உனக்கே தெரியாம. பொட்டிக்குப் பக்கத்து மூடியைக் கழட்டிப்போட்டு, டேபிள் பேனை அக்கட்டால திருப்பி விட்டிருக்கறே பாரு. அது அம்மாயிக்கு இருந்த ஒரே பேனு. அவ இப்ப பனையோலை விசிறியோட திண்ணையில உக்காந்துட்டு உன்னைய வாழ்த்திட்டு இருக்கறா. அத்தனை காத்து அடிச்சும் எத்தனை கொறைஞ்சுது? ரெண்டு டிகிரி. கண்ணு, காத்து அடைப்புத்தான் காரணம்னா, மூடியைத் தெறந்தப்பவே பத்துப் பதினைஞ்சாவது எறங்கியிருக்கோணும். எறங்கலை. அங்கயே பாதி வெவகாரம் முடிஞ்சு போச்சு. நீதான் அதைப் படிக்காம, மொபைலை எடுத்துத் தண்ணிக் கூலருக்கு வெலை பாத்தே.

தூசி இல்லைங்கலை. சிப்பு மேல இருக்கற சின்னப் பேனுக்கும் அலுமினிய இதழுக்கும் நடுவால தூசி கம்பளி நெஞ்சு வெச்சிருக்குது. பேனு மேல இருந்து பாத்தாத் தெரியாது, டார்ச் அடிச்சுச் சந்துல பாக்கோணும். சுத்தம் பண்றப்ப பிளக்கைப் புடுங்கிப்போட்டு, பெயிண்ட் பிரசுல தட்டி, ஊதறதுன்னா பேனு ரெக்கையை ஒரு விரல்ல புடிச்சுக்கிட்டு ஊது. காத்துல கிர்ருன்னு சுத்த விட்டு வேடிக்கை பாக்காதே, பேரிங் போயிரும். டிராக்டருக்குக் காத்துப் புடிக்கற கம்ப்ரசர்கிட்டக் கொண்டு போகாதே, அதுல தண்ணியும் சேந்து வரும். பொட்டியை பீரோவுக்கும் செவுத்துக்கும் நடுவால சொருகி வெச்சிருக்கறதையும் ஒரு சாண் முன்னால இழு. சூடு வெளிய போற பின்பக்கத்தைச் செவுத்துல ஒட்டி வெச்சா அது எங்க போகும், செவுத்தைத் தொளைச்சுக்கிட்டா?

அப்பறம் அந்த டாஸ்க் மேனேஜரையும் ஒருக்கா தெறந்து பாரு. ஓசியில எறக்குன கேமோட ஒறம்பரையா எவனாவது உள்ள வந்து உக்காந்து, கரண்டுக் காசு உனக்கும் சம்பாத்தியம் அவனுக்குமா ஓட்டிட்டு இருப்பான்.

இப்ப அசல் சங்கதிக்கு வர்றேன். உன்ர சிப்பு 65 வாட்டுன்னு போட்டிருக்கும், முடுக்குனா அதையும் தாண்டும். முந்தி கோழிக்குஞ்சுக்கு அணைப்பா 60 வாட்டு குண்டு பல்பு கட்டுவோமே, ஒரு கூடைக் குஞ்சுக்குப் போதும் அந்தச் சூடு. அத்தனையும் இங்க உன்ர கட்டைவிரல் நகத்தளவு எடத்துல இருந்து கெளம்புது. அது மேல ஏறோணும்னா தகடும் தகடும் ஒட்டோணும். ரெண்டும் கண்ணுக்கு வழுவழுன்னுதான் இருக்குது, ஆனா பொடிப்பொடியாப் பள்ளம். பள்ளத்துல காத்து குடியிருக்குது. சூட்டைக் கடத்தறதுல காத்து மாதிரி சோம்பேறி கெடையாது. அதை வெரட்டத்தான் பேஸ்ட். நடுவால ஒரு பட்டாணி அளவு வெச்சாப் போதும், அமுத்தறப்ப அதுவே பரவிக்கும். நீ போன தீவாளிக்கு வெச்சதை நான் பாத்தேன் கண்ணு, புரோட்டாவுக்கு சால்னா ஊத்தறாப்புல ஊத்துனே. நான் வாயைத் தெறக்கலை. தெறந்தா 'அப்புச்சிக்கு என்ன தெரியும்'னு ஒரு வார்த்தை வரும்.

எட்டாயிரம் ரூவாய்த் தண்ணிக் கூலர்லயும் அடியில ஒரு தாமிரத் தகடுதான், அதுவும் சிப்பு மேல ஒட்டோணும். ஒட்டாமப் போனா தண்ணி பாட்டுக்கு ஓடும், சிப்பு பாட்டுக்கு வேகும். புதுசு வாங்கறவங்க பாதிப்பேரு அந்தத் தகட்டுல இருக்கற பிளாஸ்டிக் தாளையே உரிக்க மறந்து மாட்டிப்போட்டு, கம்பெனிக்காரனைத் திட்டுவாங்க.

சூடாகறப்ப அணைஞ்சு போகுதுன்னு அழுகறயே, அது நல்லதுக்குத்தான். 100 டிகிரியைத் தொட்டா சிப்பு தானே வேகத்தைக் கொறைச்சுக்கும், அதான் படம் விக்குது. அதுக்கும் அடங்கலைன்னா அணைஞ்சுக்கும். என்ர மோட்டாருக்கு இத்தனை புத்தி இருந்திருந்தா அந்த மாடி வீடு என்ரதா இருந்திருக்கும். எல்லா சிப்புக்கும் ஒரே கணக்குன்னும் நெனைக்காதே. ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில கூலருக்கு மிஞ்சுன வேலை குடுத்தா 95 வரைக்கும் போய் ஓடும். அப்பிடி ஓடறதுக்குன்னே பண்ணுனது, அது நோவு இல்லை. உன்ரது பழைய இன்டெல், டப்பாவோட வந்த கூலர். 2004-ல எல்ஜிஏ 775 சாக்கெட்டு வந்தப்பவே கூட வந்த நாலு பிளாஸ்டிக் கால் இன்னும் அதுல நிக்குது. அந்தக் காலைத்தான் சொல்ல வந்தேன்.

நேத்து நீ கறிச்சோறு தின்னுட்டுக் கொறட்டை உட்டப்ப, உன்ர கேமு ஓடிட்டேதான் இருந்துது. திரையில 97-ன்னு எழுதியிருந்துது. நான் மொள்ளக் கையை உட்டு, ரெக்கையில படாம, அந்த அலுமினியத்தை ஓரமாத் தொட்டுப் பாத்தேன். எருமை மூக்காட்டம் சில்லுன்னு இருந்துது. கீழ அடுப்பு எரியுது, மேல சட்டி சுடலை. அடுப்பு மேல சட்டி உக்காரலைன்னு கொழந்தைக்கும் தெரியும்.

டார்ச் அடிச்சேன். நாலு கால்ல மூணு உள்ள எறங்கியிருக்குது. செவுத்தோரம் மேல இருக்கற கால் ஒரு நெல்லுக் கனம் தூக்கிட்டு நிக்குது. மாட்டறப்ப அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கம் கடைசி வரைக்கும் திருப்பி வெச்சுக்கிட்டு, எதிரும் புதிருமா ரெண்டு ரெண்டா அமுத்தோணும். ஒவ்வொண்ணுக்கும் டக்குன்னு சத்தம் வரோணும். நீ மூணு டக்கு கேட்டுப்போட்டு எந்திரிச்சுட்டே. போர்டைத் திருப்பிப் பாத்திருந்தா அந்த ஒரு கால் மட்டும் பின்பக்கம் விரியாம நிக்கறது தெரிஞ்சிருக்கும்.

அப்பிடியே அமுத்தி விட்டுராதே. ஒருக்கா தூக்கிக்கிட்ட பழைய பேஸ்ட்டுல காத்து பூந்திருக்கும். கழட்டி, பஞ்சுல ஐ.பி.ஏ.ங்கற ஆல்கஹாலைத் தொட்டுத் தொடைச்சு, புதுசா வெச்சு மாட்டு. மொபைல் ரிப்பேர் கடையில ரெண்டுமே கெடைக்கும். இருநூத்தம்பது ரூவா அம்மாயி தருவா, பேனைத் திருப்பிக் குடுத்தீன்னா. கெடா வித்த காசு பேங்குல போட்டாச்சு. வர்றப்ப எனக்கு ஒரு கவுளி வெத்தலை வாங்கிட்டு வா.