ஒண்டுக்குடித்தனம்

2001-ல் நான் எழுதிய 11 கட்டுரைகள் ஒரு சிடியில் கிடந்தன. புத்தகமாகப் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் கிளம்பினேன். யூனிகோடு பரவலாவதற்கு முந்தைய கோப்புகள் அவை. அந்தக் காலத்தில் தமிழுக்கு ஆளுக்கொரு எழுத்துரு, ஊருக்கொரு குறியேற்றம். நான் திஸ்கி கட்சி. 1990களின் கடைசியில் இணையத்தில் இருந்த தமிழர்கள் கூடிப் பேசி உருவாக்கிய குறியேற்றம் அது. அதற்காக டீ ஆறிப்போகும்வரை கடையில் நின்று வாதாடியவன் நான். ஆகவே என் கோப்புகள் திஸ்கியில்தான் இருக்கும் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை.

"லினக்ஸ்ல ஐகான்வ்னு ஒரு கமாண்ட் இருக்குண்ணே. அதுக்குத் திஸ்கி தெரியும். ஒரே வரி, யூனிகோடா மாத்திக் குடுத்துரும்" என்றான் எங்கள் அலுவலகத்தில் பக்கம் வடிவமைக்கும் தம்பி. விண்டோஸை அழிக்க வேண்டியதில்லை, வர்ச்சுவல்பாக்ஸ் போட்டு அதற்குள் உபுண்டு 22.04-ஐ நிறுவிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னான்.

அந்த ஒரே வரிக்கு எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

வர்ச்சுவல்பாக்ஸ் உண்டாக்கித் தரும் மெய்நிகர் கணினி என்பது ஒண்டுக்குடித்தனம். வீட்டுக்காரர் விண்டோஸ். அவருடைய நினைவகத்தில் ஒரு பங்கு, வட்டில் ஒரு மூலை, இவற்றைத் தடுத்துக் கொடுத்தால் குடிவருகிற இயங்குதளம் முழு வீடும் தன்னுடையது என்று நம்பிக்கொண்டு வாழும். புதுச் சங்கதியும் இல்லை. ஐபிஎம் 1960களிலேயே பெருங்கணினிகளில் இதைச் செய்து பார்த்து, 1972-ல் விஎம்/370 என்ற பெயரில் வெளியிட்டுவிட்டது. என் லேப்டாப்பில் 8 ஜிபி நினைவகம். அதில் பாதியைக் குடித்தனக்காரருக்குக் கொடுத்தேன். வட்டில் 25 ஜிபி.

முதலில் குடிவரவே விடவில்லை. செயலியில் விடி-எக்ஸ் என்ற வசதி பயாஸில் அணைக்கப்பட்டிருக்கிறது என்று செய்தி வந்தது. பயாஸுக்குள் போக, கணினி உயிர்பெறும் அந்த ஓரிரு நொடிக்குள் ஒரு விசையை அமுக்க வேண்டும். எனக்கு ஒன்பது முறை ஆனது. அதை விடுங்கள்.

என் தொழிலைச் சொல்ல வேண்டும். 22 வருடமாக மெய்ப்புத் திருத்துகிறேன். அடுத்தவர் பிழைதான் எனக்குச் சோறு. கல்யாணப் பத்திரிகை வந்தால் முகூர்த்த நேரத்துக்கு முன்னால் சந்திப்பிழை கண்ணில் படும். அப்படிப்பட்ட கண் வர்ச்சுவல்பாக்ஸின் முதல் பக்கத்தில் இருந்த ஒரு சின்னக் கட்டத்தைப் பார்க்கவில்லை. கேள்வி கேட்காமல் தானே நிறுவிக்கொள்ளும் முறையைத் தவிர்க்க வேண்டுமானால் அதில் டிக் அடிக்க வேண்டும். அடுத்த பக்கத்தில் ஒரு பயனர் பெயரும், கடவுச்சொல் இடத்தில் எட்டுப் புள்ளிகளும் தயாராக இருந்தன. நான் ஒன்றும் போடாமலே எட்டுப் புள்ளி எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. நெக்ஸ்ட் அமுக்கினேன். அடுத்ததிலும் நெக்ஸ்ட்.

அரை மணி நேரத்தில் உபுண்டு தானாகவே ஏறி, அழகான நுழைவுத் திரையைக் காட்டியது. அதில் இருந்த பெயர் என்னுடையதல்ல. விபாக்ஸ்யூசர். யாரோ எனக்கு முன்னால் குடிவந்துவிட்டார்! என் கடவுச்சொற்களை எல்லாம் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். மனைவி பிறந்த தேதி, பழைய ஸ்கூட்டர் எண், வங்கிக் கணக்குக்கு வைத்திருப்பது (இங்கே எழுத முடியாது). ஒன்றுக்கும் கதவு திறக்கவில்லை. இரவு பத்தரை மணிக்குத் தம்பியைக் கூப்பிட்டேன்.

"பாஸ்வேர்டு, சேஞ்ச் மீ அண்ணே."

"யாரை மாத்தணும்?"

"இல்லண்ணே, அதான் பாஸ்வேர்டே. சேர்த்து அடிங்க. மாத்திக்கோன்னு அதுவே சொல்லுதுல்ல?"

அவமானத்தில் அந்தக் கணினியையே நீக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை டிக் அடித்தேன். திரையில் இரண்டு பொத்தான்கள் வந்தன: முயன்று பார், நிறுவு. முன்ஜாக்கிரதைக்காரன் என்பதால் முயன்று பார்ப்பதைத் தேர்ந்தெடுத்தேன். உபுண்டு திறந்தது. இவ்வளவு சுலபமா என்று எனக்கே என்மேல் மரியாதை வந்தது. பின்னணிப் படத்தை மாற்றினேன். அதுவரை செய்ததை எல்லாம் பின்னால் வருபவர்களுக்குப் பயன்படட்டும் என்று நான்கு பக்கம் குறிப்பு எழுதிச் சேமித்தேன். இரண்டு நாளும் மூடும்போது, இருக்கிற நிலையைச் சேமி என்று கொடுத்து மூடியதால் மறுநாள் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தது. மூன்றாம் நாள் ஒழுங்காக அணைப்போமே என்று அணைத்தேன். திறந்தபோது பழைய பின்னணிப் படம் சிரித்தது. நான்கு பக்கமும் போயே போய்விட்டது.

முயன்று பார்க்கிற உபுண்டு நினைவகத்தில் மட்டும் ஓடுவது, வட்டில் ஒரு எழுத்தும் ஏறாது. இதில் எனக்குப் பெரிய வலி வேறு. அந்த இரண்டு நாளும் முகப்பிலேயே ஒரு படம் உட்கார்ந்திருந்தது, கீழே 'இன்ஸ்டால் உபுண்டு' என்ற எழுத்தோடு. 'நிறுவு' என்ற ஏவலை, நிறுவியாயிற்று என்ற செய்தியாகப் படித்திருக்கிறேன். ஏவல் வினைக்கும் வினைமுற்றுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களைப் பற்றி நான் என்னவெல்லாம் பேசியிருக்கிறேன் என்று அச்சகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

மூன்றாம் முறை 'நிறுவு'வைத் தொட்டேன். சில பக்கங்கள் போனபின் அந்த வரி வந்தது: வட்டை அழித்துவிட்டு உபுண்டுவை நிறுவு. கை நின்றுவிட்டது. மகள் குழந்தையாக இருந்தபோது எடுத்த படங்கள், 22 வருடத் திருத்தங்கள், வீட்டுக் கடன் பத்திரத்தின் நகல், எல்லாம் அந்த லேப்டாப்பில்தான். அப்படியே விட்டுவிட்டு, மூன்று பென்டிரைவில் விடிய விடிய நகலெடுத்தேன். நடுவில் எழுந்து வந்த மனைவி, "எதையாவது ஒடச்சுட்டீங்களா?" என்றாள். இன்னும் இல்லை என்றேன்.

அழியப்போவது எது? குடித்தனக்காரருக்குத் தடுத்துக் கொடுத்த 25 ஜிபி. அதுவும் வட்டுகூட இல்லை, வட்டு என்று பெயர்சூட்டிய ஒரு கோப்பு. உள்ளே இருப்பவருக்கு அதுதான் உலகம், வீட்டுக்காரரின் பீரோவை அவரால் எட்டியும் பார்க்க முடியாது. இதையும் திரையே சொல்லியிருந்தது. அழிக்கச் சொன்ன வரிக்கு மேலேயே, இந்தக் கணினியில் எந்த இயங்குதளமும் காணப்படவில்லை என்று எழுதியிருந்தது. பின்னால் விண்டோஸ் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும்போது அப்படி ஒரு வரி வந்தால், அது வேறொரு கணினியைப் பற்றிப் பேசுகிறது என்று புரிந்திருக்க வேண்டும். படித்திருந்தால்.

காலையில் நிறுவல் முடிந்தது. தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்க்க முனையத்தைத் திறந்து சூடோ என்று தொடங்கும் கட்டளையைக் கொடுத்தேன். கடவுச்சொல் கேட்டது. அடித்தேன், ஒன்றும் விழவில்லை. புள்ளிகூட இல்லை. விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினேன், ஊதினேன், முறுக்குத் துகள் கொஞ்சம் விழுந்தது. அடிப்பது தெரியாமல் இருப்பதுதான் அங்கே வழக்கமாம்.

கோப்புகளை உள்ளே கொண்டுபோக, இரண்டு தரப்புக்கும் பொதுவாக ஓர் உறை வைத்துக்கொள்ளலாம். அதை நான் கற்கவில்லை. விண்டோஸிலிருந்து எனக்கே மின்னஞ்சல் அனுப்பி, உபுண்டுவில் திறந்து எடுத்தேன். மேசையின் மேல் இருந்த கட்டுரை எந்தத் தேசத்துக் கணினிக்கோ போய்விட்டு அதே மேசைக்குத் திரும்பி வந்தது.

கடைசியில் அந்த ஒரே வரி. மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டினேன். ஒரு குறையும் சொல்லாமல் முடிந்தது. புதிய கோப்பைத் திறந்தேன். 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அத்தனையும் ஆங்கில எழுத்துகள். ஐகான்வ் மேல் பழியில்லை. திஸ்கியில் முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்கானவை, அவற்றை அது தொடாமல் அப்படியே அந்தப் பக்கம் தள்ளிவிடும்.

ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளியை எனக்கு யாரும் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. பாமினி. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்காரவைத்த எழுத்துரு. வாதாடியதெல்லாம் திஸ்கிக்கு, தட்டியதெல்லாம் பாமினியில், ஏனென்றால் அப்போது அலுவலகக் கணினியில் அதுதான் இருந்தது. பாமினியை யூனிகோடாக மாற்ற உலாவியில் ஒரு மாற்றிப் பக்கத்தில் ஒட்டி எடுத்தால் போதும், லினக்ஸே வேண்டாம். கோப்பு திஸ்கியாக இருந்திருந்தால் நோட்பேடில் மேலே கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்திருக்கும். ஒரு தடவை பார்த்திருந்தால் போதும்.

"அண்ணே, ஃபைலத் தெறந்து பாக்கலையா?" என்றான் தம்பி.

அன்றிரவே குடித்தனத்தைக் காலி செய்துவிடலாம் என்று நீக்கு என்பதைத் தொட்டேன். ஒரு பெட்டி வந்து, கோப்புகளையும் சேர்த்து அழிக்கவா, பட்டியலிலிருந்து மட்டும் எடுக்கவா, விட்டுவிடவா என்று கேட்டது. மூன்று முறை படித்தேன். பிழை ஒன்றும் இல்லை. விட்டுவிடு என்பதை அமுக்கினேன்.