போன் பெட்டிப் பெரியப்பா

பெரியப்பா வாசலிலேயே நிற்பார். "வாங்க" என்று வாய் சொல்லும்போதே கை பெட்டியின் மூடியைத் திறந்துவிடும். செருப்புக்கு முன்னால் போனைக் கழற்ற வேண்டும். இப்போதெல்லாம் வீட்டுக்கு ஒருவர் இப்படி முளைத்திருக்கிறார். சில வீடுகளில் தாய்மாமா, சில வீடுகளில் புதிதாக ரிட்டயரான அண்ணன். எங்களுக்கு வாய்த்தது பெரியப்பா, ஊர் பொன்னேரி. முழுப்பரீட்சை லீவில் குடும்பத்தையே கூட்டி உட்கார வைத்து, "போன் இல்லாம, டிவி இல்லாம, மனுஷன் மூஞ்சிய மனுஷன் பார்க்கணும்" என்பது அவர் லட்சியம். அழைப்பு மட்டும் வாட்ஸ்அப்பில், ஆடியோவாக, மூச்சு விடாமல் வரும்.

பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழவேற்காட்டுப் பெண்கள் பனையோலையில் பின்னுகிற மூடிப் பெட்டி அது. பச்சையும் கத்தரிப்பூ நிறமுமாகச் சாயம் ஏற்றிய ஓலை. பெரியம்மா அதை வாங்கியது முறுக்கு வைக்க. இப்போது அதற்குள் குடும்பத்தின் அத்தனை போன்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. சைலண்டில் போட்டுக் கொடுத்தால் இன்னும் மோசம். ஒரு போன் உறுமினால் ஓலையும் சேர்ந்து உறுமும். திண்ணையின் வழவழப்பில் பெட்டி ஒரு விரற்கடை நகரும். ஆபீஸ்கள் சூடுபிடிக்கிற பதினோரு மணி வாக்கில் திண்ணை விளிம்புக்கே வந்துவிடும். பெரியப்பா இழுத்து மறுபடியும் நடுவில் வைப்பார்.

"அப்போ ஸ்விட்ச் ஆஃப் பண்ணிட வேண்டியதுதானே பெரியப்பா?"

அதற்கு மட்டும் சம்மதிக்க மாட்டார். "அவசரம்னு யாராவது கூப்பிட்டா? நீங்க ஜாலியா இருங்க. நான் பார்த்துக்கறேன்."

அந்த 'நான் பார்த்துக்கறேன்'தான் விஷயமே. நாங்கள் உள்ளே ஊஞ்சலில் உட்கார்ந்து ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். திண்ணையில் பெரியப்பா எங்கள் எல்லாருக்கும் சேர்த்து வேலை பார்த்துக்கொண்டிருப்பார்.

"மாப்பிள்ளை! உங்க மேனேஜர். ஏதோ ரிப்போர்ட்டாம். லீவுல இருக்கார்னு சொல்லிட்டேன்."

"ஐயோ, எடுத்துப் பேசிட்டீங்களா மாமா?"

"கொஞ்சம் கண்டிச்சே பேசினேன். குடும்பம்னு ஒண்ணு இருக்கா இல்லையான்னு கேட்டேன். பாவம், அவரும் அவங்கப்பாவப் பார்த்து ஒரு வருஷம் ஆச்சாம்."

சற்று நேரத்தில் இன்னொரு குரல். "சின்னவளே, உன் சேலை டெலிவரிக்கு வந்திருக்கு. ஓடிபி கேட்டான், கொடுத்துட்டேன். பக்கத்து வீட்ல வைக்கச் சொல்லிட்டேன். மூவாயிரத்து நானூறா ஒரு சேலை?" சின்ன அத்தை தன் வீட்டுக்காரரிடம் அந்தச் சேலைக்குச் சொல்லியிருந்த விலை வேறு. மாமா ஊஞ்சலை நிறுத்தினார். அந்த லீவில் மனுஷன் மூஞ்சியை மனுஷன் உற்றுப் பார்த்த முதல் தருணம் அதுதான்.

யார் மெடிக்கல் ரிப்போர்ட் எந்த லேபிலிருந்து வரும், யாருக்கு எந்த வங்கி கடன் தருகிறேன் என்று கூப்பிடுகிறது, எந்தப் பேரன் பாஸ் ஆகவில்லை, எந்தப் பேத்திக்கு ஒரே நம்பரிலிருந்து நாள் முழுக்க 'சாப்பிட்டியா' வருகிறது — சாயங்காலத்துக்குள் பெரியப்பாவுக்குத் தெரியாதது குடும்பத்தில் எதுவும் இருக்காது. எங்களுக்குத்தான் ஒன்றும் தெரியாது.

பழவேற்காட்டுக்கு வேனில் போனாலும் பெட்டி அவர் மடியில் வரும். கரையில் நண்டு விற்கிற அம்மா அன்னக்கூடையிலேயே க்யூஆர் கோடு ஒட்டி வைத்திருந்தார். கையில் காசு வைத்துக்கொள்கிற வழக்கத்தை எங்களில் பாதிப் பேர் விட்டு வெகுநாளாகிறது. பெரியப்பா பெட்டியைத் திறந்து ஒரு போனைப் பொறுக்கி, "இது யாருது? கட்டை விரலைக் காட்டு" என்று வரிசையாக எல்லார் முன்னாலும் நீட்டினார். ரேஷன் கடையில் ரேகை வைப்பதுபோல் ஒவ்வொருவரும் வைத்துப் பார்த்தோம். நாலாவது விரலுக்குத் திறந்தது. திறந்தால் பின் நம்பர் கேட்டது. அதை மாப்பிள்ளை மீன் மார்க்கெட் முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொன்னார். நண்டுக்கார அம்மா, "நம்பரை மாத்திடுங்க சார்" என்று அக்கறையாகச் சொல்லி அனுப்பினார்.

ராக்கெட் சமாச்சாரம் அதைவிட. ஸ்ரீஹரிகோட்டா எங்களுக்கு ஏரிக்கு அந்தப் பக்கம். 2023 ஜூலை 14 மதியம் 2.35-க்குச் சந்திரயான்-3 புறப்பட்டதை மொட்டை மாடியிலிருந்து பார்த்ததிலிருந்து பெரியப்பாவுக்கு அதில் ஒரு கிறுக்கு. ஒரு லீவில் ராக்கெட் விடும் நாளும் சேர்ந்துகொள்ள, எல்லாரையும் பழவேற்காட்டுப் பாலம் தாண்டி லைட்ஹவுஸ் குப்பத்துக் கரைக்கு ஓட்டிப்போனார். கண்ணைக் கசக்கிக்கொண்டு வடக்கே பார்த்தபடி வெயிலில் நின்றோம். புகையும் இல்லை, சத்தமும் இல்லை. பக்கத்தில் வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர் கடைசியில் பொறுக்காமல் கேட்டார்.

"ராக்கெட்டுக்கா நிக்கறீங்க? இன்னிக்கு இல்லியே சார். தள்ளி வச்சுட்டாங்கன்னு காலையிலயே போன்ல வந்துச்சே."

"நீங்களுமா போன் வச்சிருக்கீங்க? கடலுக்குப் போறப்பவும் எடுத்துக்கிட்டா போவீங்க?" என்றார் பெரியப்பா, துரோகத்தைக் கண்டுபிடித்த குரலில்.

"போன் இல்லாம எவன் சார் கடலுக்குப் போவான்?"

அவர் சொல்வது நியாயம். ஐதராபாத்திலிருக்கிற கடல் தகவல் மையம் அலை எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் மீன் இருக்கும் என்று சொல்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்கென்றே ஒரு செயலி வைத்திருக்கிறது. காற்று மாறினால் முதலில் தெரிவது அதில்தான். குப்பத்துக்காரர் போனை உயிருக்காக வைத்திருக்கிறார். பெரியப்பா அதைப் பிசாசு என்கிறார். திரும்பும் வழியில் பெட்டி தொடர்ந்து உறுமிக்கொண்டே வந்தது. ராக்கெட் தள்ளிப்போன செய்தி எல்லாருக்கும் தனித்தனியாக வந்திருந்தது.

ஏழு மணிக்குப் பூஜை மணி அடிக்கும். மகாராஷ்டிராவில் சாங்லி மாவட்டத்து மோகித்யாஞ்சே வட்கான் கிராமத்தில் 2022 முதல் தினமும் மாலை ஏழு மணிக்குக் கோயிலில் சைரன் ஊதுகிறார்கள். ஒன்றரை மணி நேரம் ஊரே டிவியையும் போனையும் ஒதுக்கி வைக்கிறது; பிள்ளைகள் படிக்கிறார்கள், பெரியவர்கள் பேசுகிறார்கள். நல்ல காரியம். ஊரே கூடி எடுத்த முடிவு. பெரியப்பா அதை யூடியூபில் பார்த்துவிட்டுத் தனியாக எடுத்த முடிவுதான் எங்கள் மணி. "ம், பேசுங்க" என்பார். பேசச் சொன்னால் யாருக்குப் பேச வரும்? சின்ன அத்தையும் மாமாவும் சேலையிலிருந்து பேசுவதில்லை. ஆகவே பெரியப்பாவே பேசுவார்.

ஒருநாள் பாடு முறையைப் பற்றிப் பேசினார். பழவேற்காடு ஏரியில் நல்ல மீன் கிடைக்கிற இடம் தனி ஆளுக்குச் சொந்தமில்லை; உரிமை உள்ள ஊர்க்காரர்கள் சீட்டுப் போட்டு, முறை வைத்து வலை இறக்குவார்கள். "பார்த்தீங்களா, பங்கிட்டு வாழ்ந்தாங்க" என்று முடித்தார். மறுநாள் காலையில் பிள்ளைகள் காகிதச் சீட்டுகளோடு வந்து நின்றன. "தாத்தா, பெட்டிக்குப் பாடு போட்டுடலாம். ஆளுக்கு அரை மணி நேரம்." பெரியப்பா பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அது ஏரிக்கு."

இன்னொரு நாள், அந்தக் காலத்தில் ஒரே படகில் இருபது பேர் ஏறி ஏரியைச் சுற்றிய கதை. "மிதவைச் சட்டையா, அதெல்லாம் யாருக்குத் தெரியும்? எங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டு, காலையில் படகுக்குச் சொல்லவும் எழுந்தார். இந்த ஒன்றில் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. 2011 கிறிஸ்துமஸ் அன்று இதே பழவேற்காட்டில், இப்படி லீவுக்கு வந்து படகேறியவர்களில் 22 பேர் திரும்பவில்லை. அவருக்கும் தெரியும், பொன்னேரியில் யாருக்குத் தெரியாது? சொன்னதும் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் காலத்தில் போனும் இல்லை, டிவியும் இல்லை என்பார். பொய். மெட்ராஸில் தூர்தர்ஷன் வந்தது 1975-ல். அந்தத் தெருவில் முதலில் டிவி வாங்கியது இவர் அப்பா, எங்கள் தாத்தா. லீவுக்கு வந்த நாங்கள் வெள்ளிக்கிழமை ஆனால் முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு ஒளியும் ஒலியும் பார்க்க உட்கார்ந்தது இதே கூடத்தில். தெருப் பிள்ளைகளில் யார் ஜன்னலுக்கு வெளியே, யார் உள்ளே என்று தீர்மானித்தவர் பெரியப்பா. போனும் இருந்தது. தாத்தாவின் ரைஸ் மில்லில். தெருவே அந்த நம்பரைத்தான் பி.பி. என்று போட்டுக் கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கும். டிரங்க் கால் வந்தால் அரை டிராயரோடு ஓடிப்போய், "மெட்ராஸ்லேருந்து போன்!" என்று வீடு வீடாகக் கூப்பிட்டதும், வந்தவர் பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று கேட்டதும் இவர்தான். யாருக்குக் குழந்தை பிறந்தது, யாருக்கு வேலை போனது, எல்லாம் முதலில் இவருக்குத்தான். பிறகு ஆளுக்கொரு போன் வந்தது. பெரியப்பாவிடம் யாரும் எதையும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

அதனால்தான் பெட்டியோடு அவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது யாருக்கும் பிடுங்க மனசு வருவதில்லை. உறுமலை வைத்தே "இது மாப்பிள்ளை போன், இது பெரிய பேத்தி போன்" என்று சொல்லக் கற்றுவைத்திருக்கிறார். பையன்கள் இருவரும் வெளிநாட்டில். நாங்கள் கிளம்பிப்போன பிறகு அந்தத் திண்ணையில் எது உறுமப்போகிறது?

ஆனால் பெரியம்மாவின் போனையும் பெட்டியில் போட்டார் பாருங்கள், அதை மன்னிக்க முடியாது. அத்தனை பேருக்கு நண்டு உடைத்து, இறால் உரித்து, மடவை மீனின் செதிலைச் சுரண்டி, சாணை பிடிக்காத அரிவாள்மனையில் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். வழக்கமாகப் புளி ஜாடியில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு சீரியல் பார்த்தபடிதான் அந்த வேலை நடக்கும். அவருக்கு லீவு என்று இருப்பது அந்த ஒரு ஜாண் திரைதான். அதையும் பிடுங்கிக்கொண்டு, "உனக்கெதுக்கு, சொந்தக்காரங்க எல்லாம் வந்திருக்காங்க, பேசிட்டிரு" என்று சொல்லிவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார். சொந்தக்காரர்கள் ஊஞ்சலில் இருந்தார்கள். அடுப்படியில் யாரோடு பேசுவது? பெரியப்பா உருகி உருகிச் சொல்கிற அந்தக் கால லீவும் இப்படித்தான். ஆம்பளைகளும் பிள்ளைகளும் எடுத்துக்கொண்ட லீவு. பாட்டி மாடிக்கு வந்து நிலாச்சோறு சாப்பிட்டதாக அவர் கதைகளில் எங்கும் இல்லை. உருண்டை பிடித்துக் கொடுத்தனுப்பியதாகத்தான் வருகிறது.

இந்த வருஷத்து ஆடியோவும் வந்துவிட்டது. போகத்தான் போகிறோம். பெரியம்மா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவர் போன் மாதிரியே இருக்கிற, ஓடாத போன் ஒன்று கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். பெட்டியில் போடுவதற்கு. கறுப்பு நிறம், ஓரத்தில் லேசாக விரிசல் விட்டிருந்தால் இன்னும் பொருத்தம். உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.