முதலில் பால் கணக்கு!

கேள்வி: பி.காம். படிக்கிறேன். மொபைல் ஆப் உருவாக்கக் கற்க ஆசை. ஜாவா, காட்லின், ஃப்ளட்டர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதில் தொடங்க?

பதில்: கையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் காட்லின். 2019-லேயே கூகுள் அதற்கு முதலிடம் கொடுத்துவிட்டது. அதில் ஆப் எழுத உதவும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ இலவசம். 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் எமுலேட்டர் என்ற போலி போனையும் ஓட்டினால், ஆப்பைவிட ஃபேன்தான் வேகமாக ஓடும்; கேபிளில் உங்கள் போனையே இணைத்துச் சோதியுங்கள். ஐபோன் ஆப்புக்கு மேக் வேண்டும், அது பிறகு.

எடுத்த எடுப்பில் இன்னொரு வாட்ஸ்அப் வேண்டாம். வீட்டுப் பால் கணக்குக்கு ஒரு ஆப் எழுதுங்கள், பி.காம். அங்கே கைகொடுக்கும். ஒரு மாதம் அம்மா அதைப் பயன்படுத்தட்டும். "நேத்து பால் வாங்கலை, அதை எங்கேடா போடுறது?" என்று அவர் கேட்பதை எந்த வீடியோவும் சொல்லித் தராது. பிளே ஸ்டோர் பதிவுக் கட்டணம் 25 டாலர், ஒரே முறைதான். அம்மா சரி என்றதும் கட்டுங்கள்.